மலை ஏறும் பிக்கப்பில் ஹீட் ஏறாமல் இருக்க: கூலிங் சிஸ்டத்தை நீங்களே பார்த்துக்கொள்வது எப்படி

பண்ணாரி செக்போஸ்ட்டைத் தாண்டியதும் திம்பம் ஏற்றம் ஆரம்பித்துவிடும். 27 கொண்டை ஊசி வளைவுகள். தாளவாடிக்கு உரமோ மாட்டுத்தீவனமோ ஏற்றிக்கொண்டு போகும் பிக்கப் முதல் கியர், இரண்டாவது கியர் என்று ஊர்ந்துதான் போகும். இன்ஜின் தன் முழு பலத்தையும் கொடுத்துக்கொண்டிருக்கும், ஆனால் வண்டி மெதுவாகப் போவதால் முன்னாலிருந்து ரேடியேட்டருக்குப் பெரிதாகக் காற்று வராது. ஒரு டீசல் வண்டியின் கூலிங் சிஸ்டத்துக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. சுற்றிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், யானை கடக்கும் சாலை, பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிதானமாக நிற்கிற இடமும் இல்லை.

செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கிய முதல் வருடம், இருபதாவது வளைவைத் தாண்டியபோது என் வண்டியின் ஹீட் முள் சிவப்புக்குப் போய்விட்டது. அதற்கு முந்தைய இரண்டு வாரமும் காலையில் பார்த்தால் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் குறைந்திருக்கும், நானும் தினமும் ஊற்றிக்கொண்டே இருந்தேன், வண்டியை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்ற எண்ணத்தோடு. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போனது, ஹெட் வளைந்தது, லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்திக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. எல்லாம் முடிந்து தேடிப் பார்த்தால் ஆரம்பித்த இடம் ரேடியேட்டர் மூடியின் ரப்பர். சில நூறு ரூபாய்ச் சாமான்.

புதிதாக டீசல் பிக்கப் வாங்கி ஓட்டுகிறவர்கள் யாரும் இதே வழியில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகத்தான் எழுதுகிறேன். பொலேரோ பிக்கப், யோதா, தோஸ்த், டி-மேக்ஸ் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். போல்ட் எங்கே இருக்கிறது, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) எத்தனை லிட்டர் என்பதை மட்டும் உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

எரியும் டீசலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடும். மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட்தான் இன்ஜினிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியேற்ற வேண்டும். வாட்டர் பம்ப் கூலன்டை பிளாக்குக்குள் தள்ளுகிறது, அது சிலிண்டரைச் சுற்றி, ஹெட்டுக்கு ஏறி, தெர்மோஸ்டாட் வாசலுக்கு வருகிறது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் மூடியே இருக்கும், கூலன்ட் பைபாஸ் வழியாக உள்ளேயே சுற்றும். 82 டிகிரி வாக்கில் (சில இன்ஜினில் 88) அது திறக்க ஆரம்பித்ததும் மேல் ரப்பர் குழாயான டாப் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், குளிர்ந்து, கீழ்க் குழாயான பாட்டம் ஹோஸ் வழியாகத் திரும்ப வரும். பெரும்பாலான பிஎஸ் 4, பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளில் இதே கூலன்ட் ஈஜிஆர் கூலரையும் குளிர்விக்கிறது, புகையில் ஒரு பகுதியை ஆறவைத்து இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் பாகம் அது. பல இன்ஜின்களில் ஆயில் கூலரும் இதே ஓட்டத்தில்தான் இருக்கும். இந்த வழித்தடத்தை மனதில் படமாக வைத்துக்கொண்டால் பிறகு எந்தக் கோளாறையும் அதன் மேல் வைத்துப் பார்க்கலாம்.

ரேடியேட்டர் மூடி

இதைத்தான் எல்லாரும் கடைசியில் பார்ப்பார்கள், முதலில் பார்க்க வேண்டியதே இதுதான்.

இந்த மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு இருக்கிறது. மேலே 0.9 அல்லது 1.1 என்று எண் அடித்திருக்கும், அத்தனை பார் அழுத்தம் வரை மூடி கூலன்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் என்று அர்த்தம். குக்கரில் நடப்பதேதான் இங்கேயும் நடக்கிறது. அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் ஏறும். வெறும் தண்ணீரே ஒரு பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிக்காது, பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தது இன்னும் மேலே தாங்கும். அந்த மூடி பிடிக்காமல் விட்டுவிட்டால் சாதாரணக் கொதிநிலைக்கு வந்துவிடுவோம், மலையில் அதுவும் இன்னும் கீழே இறங்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். லோடோடு ஏறும் இன்ஜின் அந்த வெப்பத்தைத் தொடுவது சாதாரணம். சமவெளியில் ஒரு குறையும் காட்டாத வண்டி மலையில் கொதித்து வழிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வண்டி நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றி ரப்பரைப் பாருங்கள். வெடித்திருந்தாலோ, கல்லாக இறுகியிருந்தாலோ, ரப்பரில் கழுத்தின் விளிம்பு ஆழமாகப் பதிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். நடுவில் ஒரு சின்ன வால்வு இருக்கும். சூட்டில் விரியும் கூலன்ட் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போய் நிற்கும், இன்ஜின் ஆறும்போது அந்தக் கூலன்ட் டப்பாவிலிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்வது இந்த வால்வு வழியாகத்தான். அது அடைத்துக்கொண்டால் காலையில் டாப் ஹோஸ் சப்பையாக உள்ளே ஒடுங்கிப்போய் இருக்கும். புது மூடி வாங்கும்போது பழைய மூடியில் உள்ள அதே எண் வேண்டும், அதைவிடக் கூடிய எண் போட்டால் இன்னும் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்தக் கூடுதல் அழுத்தம் ஹோஸையும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியையும்தான் பதம் பார்க்கும்.

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் நீர், அழுத்தம் போனவுடன் அந்த நொடியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். டாப் ஹோஸைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க முடிகிறதா, ஹோஸ் மெத்தென்று இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகும் தடித்த துணி போட்டு மெதுவாகத்தான் திருப்ப வேண்டும்.

உப்புத் தண்ணி ஊற்றாதீர்கள்

நம் ஊரில் தண்ணீர் பனியாக உறையாது, பிறகு எதற்குக் கூலன்ட் என்று இன்னமும் கேட்கிறார்கள். கூலன்டில் உள்ள கிளைகோல் கொதிநிலையை உயர்த்துகிறது. ஆனால் அதைவிட முக்கியமாக, அதில் துருத் தடுப்பு மருந்துகள் இருக்கின்றன. பெரும்பாலும் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம், ரேடியேட்டர் அலுமினியம். இத்தனை உலோகங்களை வெறும் தண்ணீரில் ஊறப்போட்டுச் சூடாக்கினால் ஒன்றை ஒன்று அரிக்கும். தெர்மோஸ்டாட் கூட்டைக் கழற்றும்போது உள்ளே அலுமினியம் பொரிந்து குழிகுழியாக இருந்தால் அந்த வண்டி தண்ணீரில் ஓடியது என்று உடனே சொல்லிவிடலாம்.

போர் தண்ணீர் இன்னும் மோசம். ஈரோடு, கோயம்புத்தூர் பக்கம் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு சிலிண்டர் சுவரைச் சுற்றியும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தாது. முள் சரியாகக் காட்டும், ஆனால் சிலிண்டர் சுவர் அதைவிட அதிகமாக வெந்துகொண்டிருக்கும்.

அதனால் கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரே போதும், 5 லிட்டர் கேனாகக் கிடைக்கும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் தயாரிப்பவர் சேர்க்கும் சாயம். உள்ளே எந்த வகை மருந்து என்பதற்கு அது உறுதி தராது. டப்பாவின் பின்னால் ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 போன்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து, கையேடு சொல்லும் வகையோடு ஒத்துப்பார்த்து வாங்குங்கள். இரண்டு வகையைக் கலந்தால் மருந்தின் ஆயுள் குறையும், சில சமயம் கூழாகத் திரியும். டப்பாவில் ‘ரெடி டு யூஸ்’ என்றிருந்தால் அதில் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கிறது, மறுபடி கலக்கக் கூடாது. அப்புறம், இது விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். கீழே சிந்தினால் கழுவிவிடுங்கள், குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் கவனம்.

காலையில் வண்டி எடுப்பதற்கு முன்

பத்து நிமிட வேலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்ய வேண்டியது.

கூலன்ட் டப்பாவில் மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். வாரம் ஒருமுறை டப்பாவை மட்டும் நம்பாமல் ரேடியேட்டர் மூடியையும் திறந்து பாருங்கள் (மூடி டப்பாவின் மேலேயே இருக்கும் வண்டிகளுக்கு இது தேவையில்லை). டப்பாவில் நிறைந்திருந்து ரேடியேட்டர் காலியாக இருப்பது நடக்கும், உறிஞ்சும் வால்வு அடைத்திருந்தாலோ இடையில் உள்ள சின்னக் குழாய் வெடித்திருந்தாலோ அப்படித்தான் ஆகும். கூலன்டின் நிறம் எப்படி இருக்கிறது? துருப்பிடித்த பழுப்பு என்றால் மருந்து தீர்ந்துவிட்டது. மேலே எண்ணெய் மிதந்தால் அது வேறு கதை, பிறகு சொல்கிறேன்.

அடுத்து ஹோஸ். டாப் ஹோஸையும் பாட்டம் ஹோஸையும் கையால் அமுக்கிப் பாருங்கள், ரப்பர் மாதிரி அமுங்கித் திரும்ப வர வேண்டும். சொதசொதவென்று இருந்தாலும், அமுக்கும்போது உள்ளே நொறுங்குவது போல் சத்தம் வந்தாலும் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கிளிப்புக்குப் பக்கத்தில் உப்பியிருக்கிறதா, டீசலோ ஆயிலோ பட்டு ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் அங்கே கசிந்து காய்கிறது என்று அர்த்தம், சூடாக இருக்கும்போது ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியாது, அந்தக் கறையைத்தான் தேட வேண்டும். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே சீல் போனால் தெரிவதற்காகவே வைத்தது. அதிலிருந்து கறை கோடாக இறங்கியிருந்தால் பம்ப் நாள் எண்ணுகிறது. அந்தத் துளையை அடைத்துவிட்டால் கசிவு நின்றுவிடும் என்று செய்கிறவர்கள் உண்டு, தண்ணீர் பேரிங்குக்குள் போய் பம்ப் மொத்தமாக ஜாம் ஆகும்.

பெல்ட்டில் வெடிப்பு, பளபளப்பு, நூல் பிரிவது. ஃபேன் இலைகளில் விரிசல். ஃபேனை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் இருக்கக் கூடாது.

கடைசியாக ரேடியேட்டரின் முகம். ஏசி உள்ள வண்டியில் முன்னால் கண்டென்சர் இருக்கும், அது சுத்தமாகத் தெரியும், ஆனால் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கில் வைக்கோல் தூசி, பூச்சி, மண் எல்லாம் போர்வை மாதிரி அடைந்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தம் செய்யும்போது இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் அடிக்க வேண்டும், தூசி வந்த வழியே திரும்பிப் போகும். வாட்டர் சர்வீஸில் கிட்டத்தில் வைத்து அடித்தால் அந்த மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிந்து படுத்துவிடும், பிறகு காற்றே போகாது. சாதாரணத் தோட்டக் குழாயின் வேகம் போதும், பொறுமைதான் வேண்டும்.

எப்போது ஹீட் ஆகிறது என்பதைக் கவனியுங்கள்

மெக்கானிக்கிடம் போய் வெறுமனே “ஹீட் ஆகுதுண்ணே” என்றால் அவர் எங்கிருந்து தொடங்குவார்? எந்த நேரத்தில், எந்த வேகத்தில், எத்தனை லோடில் என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டிராபிக்கிலும் மலையிலும் ஹீட் ஏறி, ஹைவேயில் ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஹைவேயில் காற்று தானாக வந்துவிடும், மெதுவாகப் போகும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். நேர்மாறாக, மெதுவாகப் போனால் சரி, வேகமாகவோ லோடோடோ போனால் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது பாட்டம் ஹோஸ் பம்பின் உறிஞ்சலில் சப்பையாகி வழியை மூடலாம். சில பாட்டம் ஹோஸுக்குள் இதைத் தடுக்க ஒரு கம்பிச் சுருள் இருக்கும், துருப்பிடித்து அது போய்விட்டிருக்கும். பானட்டைத் திறந்து ஒருவரை ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லித் தள்ளி நின்று பார்த்தால் ஹோஸ் ஒடுங்குவது தெரியும்.

முள் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது மட்டம் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் ஒட்டி ஒட்டித் திறக்கிறது. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்துவிட்டால் நிம்மதி அடையாதீர்கள், உடனே நிறுத்துங்கள். கூலன்ட் மொத்தமாக இறங்கி, சென்சார் காற்றில் நிற்கும்போதும் முள் அப்படி விழும். இன்ஜின் அந்த நேரத்தில் வெந்துகொண்டிருக்கும்.

வெளியே எங்கும் சொட்டு இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் மூன்று இடங்கள். ஒன்று மூடி, அதைச் சொல்லிவிட்டேன். இரண்டு ஈஜிஆர் கூலர் உள்ளே வெடித்து, கூலன்ட் இன்ஜினுக்குள் போய் எரிவது, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் வரும். மூன்று ஹெட் கேஸ்கட். இதைச் சோதிக்க, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள், நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் காற்று கூலன்டில் கலக்கிறது. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள், இன்னும் சூடே ஏறாதபோது டாப் ஹோஸ் கல் போல் இறுகினாலும் அதுவே. ஆயில் குச்சியில் பால் கலந்த காபி மாதிரி இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் பட்டறைக்கு இழுத்துப் போங்கள். கூலன்டில் ஆயில் மிதக்கிறது, ஆயிலில் தண்ணீர் இல்லை என்றால் முதலில் ஆயில் கூலரைச் சந்தேகப்படச் சொல்லுங்கள், இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் கூலன்டைவிட அதிகம் என்பதால் அது இந்தப் பக்கம்தான் தள்ளும். இதைச் சொல்லாமல் விட்டால் தேவையில்லாமல் ஹெட் கழற்றப்படும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொன்னால்

ஹீட் பிரச்சினை என்று போனால் பல இடங்களில் முதல் வைத்தியம் இதுதான், நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை என்பார்கள். என் வண்டியிலும் பழைய உரிமையாளர் காலத்தில் யாரோ கழற்றியிருந்தார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடித்தட்டு, தான் திறக்கும்போது பைபாஸ் வழியை மூடும்படி செய்யப்பட்டிருக்கும். அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சூடான கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே திரும்பச் சுற்றும். அதாவது சமவெளியில் வண்டி தேவைக்கு மேல் குளிர்ந்து ஓடும், மலையில் முழு லோடில் முன்பைவிட அதிகமாகக் கொதிக்கும். குளிர்ந்து ஓடும் டீசல் இன்ஜின் டீசலை முழுதாக எரிக்காது, மைலேஜ் விழும், ஆயில் கெடும், பிஎஸ் 6 வண்டியில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளத் தேவையான நிலையும் அமையாது.

சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். கழற்றி, வால்வின் இடுக்கில் ஒரு நூலை மாட்டி, நூலைப் பிடித்துத் தண்ணீர்ப் பாத்திரத்தில் அடியில் படாமல் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள் (சமையலுக்குத் திரும்ப எடுக்காத பழைய பாத்திரம்). பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். தெர்மோஸ்டாட்டில் அடித்திருக்கும் எண்ணுக்கு ஒட்டி வால்வு திறந்து நூலிலிருந்து நழுவி விழ வேண்டும். கொதிக்கும் வரை விழவில்லை என்றால் புதிது போடுங்கள். மாட்டும்போது சின்ன ஆணி ஆடிக்கொண்டிருக்கும் துளை ஒன்று இருக்குமே, அது மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறுவது அது வழியாகத்தான். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போல்ட்டை இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்குங்கள், பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

ஃபேன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினோடு சேர்ந்த ஃபேன் என்றால் நடுவில் சிலிகான் ஆயில் நிறைந்த விஸ்கஸ் கிளட்ச் இருக்கும். ரேடியேட்டரிலிருந்து வரும் காற்று சூடானால் முன்னால் உள்ள சுருள் பட்டை விரிந்து உள்ளே வால்வைத் திறக்கும், ஃபேன் இறுக்கமாகச் சுற்றும். மலையில் ஏறும்போது திடீரென்று ‘ஹோ’ என்று இரைச்சல் கேட்குமே, அது நல்ல சத்தம். எத்தனை ஏற்றம் ஏறியும் அந்தச் சத்தமே கேட்கவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். சூடான இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, கையால் ஃபேனைச் சுற்றிவிடுங்கள்: கனமாக நிற்க வேண்டும், விட்டால் பல சுற்று தாராளமாகச் சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. கிளட்ச்சின் முகத்தில் எண்ணெய்க் கசிவும் தூசியும் அப்பியிருப்பதும் அடையாளம். கரன்ட் ஃபேன் உள்ள வண்டியில் இந்த விளையாட்டு வேண்டாம், இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும், கை போய்விடும். அப்புறம் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவசம். வேலை செய்யும்போது தொந்தரவாக இருக்கிறது என்று கழற்றி ஓரமாகப் போட்டுவிடுவார்கள், அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

ரேடியேட்டர் ஓட்டையானால் மஞ்சள் தூள் போடும் பழக்கம் பழைய லாரிக்காரர்களிடம் உண்டு. அகலக் குழாய்கள் இருந்த பித்தளை ரேடியேட்டரில் அது ஊர் போய்ச் சேர உதவியிருக்கும், இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் குழாய்கள் அத்தனை மெல்லியவை, ஓட்டையை அடைக்கும் மஞ்சள் நல்ல குழாயையும் அடைக்கும். பித்தளை என்றால் ரேடியேட்டர் கடையில் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுச் சுத்தம் செய்து, ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள், அருமையான கைவேலை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்ததில் பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் பசை போட்டு ஓட்டுவது சில நாளைக்குத்தான், மாற்றிவிடுவது நல்லது. வாட்டர் பம்ப் வெளி பெல்ட்டில் சுற்றுவதாக இருந்தால் பழகிய பிறகு நீங்களே மாற்றலாம், டைமிங் பெல்ட்டோடு சேர்ந்தது என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

வழியில் முள் ஏறினால்

ஏற்றத்தில் உயர் கியரில் இன்ஜினை முக்கவைக்காதீர்கள். ஒரு கியர் குறைத்து 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வைத்து ஏறினால் பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றி, இன்ஜின் நிதானமாகவே இருக்கும். முள் ஏற ஆரம்பித்ததும் ஏசியை அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து ப்ளோயரை வேகமாக வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் அது ஒரு சின்ன ரேடியேட்டர், கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். சாலை அகன்ற இடம் பார்த்து நிறுத்தி, கூலன்ட் வழியவில்லை என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள், பம்பும் ஃபேனும் சுற்றி வெப்பத்தை எடுக்கும், டர்போவுக்கும் அது நல்லது. ஆவி அடித்தால், ஹோஸ் வெடித்தால், முள் சிவப்பில் நின்றால் உடனே அணையுங்கள்.

பிறகு முக்கால் மணி நேரம் எதையும் தொடாதீர்கள். இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கும். ஆறிய பிறகு ஊற்றும்போதும் இன்ஜினை ஐடிலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக. ஹோஸ் கிளிப் பக்கத்தில் வெடித்திருந்தால் அந்த முனையை அறுத்தெறிந்துவிட்டு மீதியை மாட்டி இறுக்கி ஊர் வரை வந்துவிடலாம். நடுவில் வெடித்திருந்தால் ரப்பர் டேப் சுற்றி, மூடியை முழுதாக இறுக்காமல் முதல் படியில் விட்டு மெதுவாக வாருங்கள், அழுத்தம் ஏறாததால் டேப் தாங்கும், ஆனால் கொதிநிலையும் குறைவு என்பதால் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. டிஸ்டில்ட் வாட்டர் 5 லிட்டர், ஒரு டாப் ஹோஸ், ஒரு பெல்ட், நாலு கிளிப், ஒரு மூடி, டார்ச், கையுறை. இவை என் சீட்டுக்கு அடியில் எப்போதும் இருக்கும்.

கூலன்ட் மாற்றுவது

பழைய பச்சை வகை இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட ஆயுள் வகை ஐந்து வருடம் வரை போகும், உங்கள் கையேடு சொல்வது கடைசி வார்த்தை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு, கீழே அகலமான தொட்டி வைத்து ரேடியேட்டரின் அடி மூடியைத் திறங்கள், மேல் மூடியையும் திறந்தால்தான் வேகமாக இறங்கும். ரேடியேட்டரிலிருந்து ஏறக்குறைய பாதிதான் வரும், மீதி பிளாக்குக்குள் நிற்கும். பிளாக்கில் தனி டிரெயின் போல்ட் இருந்தால் அதையும் திறக்கலாம், துருப்பிடித்து இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள், உடைந்தால் பெரிய வேலை.

மூடிவிட்டு நல்ல தண்ணீர் நிரப்பி, ஹீட்டரைத் திறந்து, தெர்மோஸ்டாட் திறந்து டாப் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு இறக்குங்கள். தெளிவாக வரும் வரை இரண்டு மூன்று முறை, கடைசி முறை டிஸ்டில்ட் வாட்டரில். ஆசிட், காஸ்டிக் சோடா, சோப்புத்தூள் எதுவும் வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இங்கேதான் புதியவர்கள் தவறுவது. பிளாக்குக்குள் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்ததை ஊற்றினால் மொத்தத்தில் கூலன்ட் கால் பங்குதான் இருக்கும். அதனால் கலக்காத கூலன்ட் வாங்கி, கையேட்டில் உள்ள மொத்த அளவில் சரிபாதியை முதலில் ஊற்றிவிடுங்கள். மொத்தம் 8 லிட்டர் என்றால் 4 லிட்டர். மீதி இடத்துக்கு டிஸ்டில்ட் வாட்டர். முன் சக்கரம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தி மெதுவாக ஊற்றுங்கள், காற்றுத் திருகு இருந்தால் குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை திறந்துவையுங்கள், டாப் ஹோஸையும் பாட்டம் ஹோஸையும் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஸ்டார்ட் செய்து ஹீட்டரைத் திறந்துவைத்தால் தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், நிரப்பி மூடுங்கள். ஹீட்டரில் சூடான காற்று சீராக வந்தால் உள்ளே காற்று அடைக்கவில்லை.

பழைய கூலன்டைச் சாக்கடையிலோ வயலிலோ கொட்டாமல் கேனில் மூடி, பழைய ஆயில் எடுக்கும் இடத்தில் கேட்டுக் கொடுங்கள். புது மட்டத்தை டப்பாவில் மார்க்கரால் கோடு போட்டு, கிலோமீட்டரையும் தேதியையும் நோட்டில் எழுதிவையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் காலையில் பார்த்தால் கொஞ்சம் இறங்கியிருக்கும், மிச்சக் காற்று வெளியேறுவதால் அப்படி ஆகும், டிஸ்டில்ட் வாட்டர் விட்டுச் சரிசெய்யலாம். நான்காம் நாளும் கோட்டுக்குக் கீழே போனால் ஊற்றாதீர்கள், டார்ச்சை எடுத்துக்கொண்டு மூடியின் ரப்பரிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.